சட்டத்தில் பி.எச்டி.: விண்ணப்பத்துக்கு முன் கைடு (ஆய்வு வழிகாட்டி) தேடல்

வக்கீலாக இருந்துகொண்டே பி.எச்டி. செய்ய நினைப்பவர்கள், விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் சோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பைத் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசம். செக் பவுன்ஸ், வாடகைத் தகராறு என எதைத் தேடினாலும், ஆய்வாளர் பெயரோடு கைடின் பெயரும் இருக்கும். அந்தக் கைடுக்கே எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்களிடம் ஆய்வு மாணவருக்கு இடம் காலியா? ஓய்வு எப்போது?

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வரைதான் வழிகாட்டலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. பெரிய பெயராகப் பார்த்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தலைப்பு ஏற்கெனவே அரைத்த மாவா என்பதும் அதே தேடலில் தெரிந்துவிடும்.

நுழைவுத் தேர்வுக்குப் பிறகு கைடைத் தானே ஒதுக்கும் பல்கலைக்கழகத்தில் இது அவ்வளவாக உதவாது. சம்பள வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் சேர அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.