ங்லங்கெரானுக்குப் போகிறவர்களுக்கும், அங்கே முதல் போட நினைக்கிறவர்களுக்கும்

ஜாவாக்காரர் வீட்டு வாசலில் நின்றால் முதலில் "குலோ நுவுன்" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "மொங்கோ" என்று பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றலாம். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருக்கும் ங்லங்கெரான் கிராமத்தில் இடம் வாங்கலாமா, விடுதி கட்டலாமா என்று கேட்டு வரும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த இரண்டு சொற்களைத்தான்.

நான் கோகோ கொட்டை வாங்கி விற்கிறவன். சுரபாயாவில் குடியிருந்து பதினொரு வருஷம் ஆகிறது. வேலைக்காகச் சுற்றிய கிராமங்களில் மனதுக்கு மிகவும் நெருக்கமானது இந்த ஊர். இங்கே எப்படிப் போவது, எப்படித் தங்குவது, பணம் இருந்தால் அதை எங்கே போடலாம், எங்கே கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யோக்யகர்த்தா நகரிலிருந்து வொனொசாரி சாலையில் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். பியுங்கான் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மலையேறும். பாத்துக் பகுதியில் தொலைக்காட்சிக் கோபுரங்கள் தெரிய ஆரம்பித்தால் ஊர் கிட்டத்தில் வந்துவிட்டது. குனுங்கிடுல் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. விமானத்தில் வருபவர்கள் இறங்கும் புதிய விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே, குலோன் ப்ரோகோவில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்தின் துகு ரயில் நிலையத்துக்கு ரயில் உண்டு. அதற்கு மேல் கார் பேசிக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வந்திறங்கியதும் 5 லட்சம் ரூபியாவுக்கு 30 நாள் விசா கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

மே முதல் செப்டம்பர் வரை வெயில் காலம், அப்போது வாருங்கள். ஊரின் பெரிய சொத்து 'குனுங் அபி பூர்பா' என்கிற பழைய எரிமலை. நெருப்பு அணைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. 700 மீட்டர் உயரத்தில் கரிய பாறைகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. மேலே போகும் வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டிய சந்துகள் உண்டு. மழையில் அங்கே கால் நிற்காது. விடியும் முன் ஏறிவிட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடக்கே மெராபி மலை தெரியும். அது இன்னும் உயிரோடிருக்கிற எரிமலை. செத்த எரிமலைமீது உட்கார்ந்து உயிருள்ள எரிமலையைப் பார்க்கும் அந்தக் கால்மணி நேரத்துக்காகவே நான் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏறிவிடுகிறேன். மாலையில் 'எம்புங்' என்கிற குளக்கரைக்குப் போங்கள். துரியான் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச குன்றின்மேல் கட்டி 2013-இல் திறந்த குளம் அது.

மலைமேல் 'கம்புங் பித்து' என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பித்து என்றால் ஜாவா மொழியில் ஏழு. ஏழு குடும்பங்கள் மட்டுமே அங்கே வாழலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் கட்டுப்பாடு. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால், ஏழில் ஓர் இடம் காலியாகாதவரை அவன் கீழேதான் குடியேற வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே போகாதீர்கள். அது மனிதர்கள் குடும்பம் நடத்தும் இடம்.

தங்குவதற்கு வீடுகள்தான். ஒருநாள் வந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் ஊரைப் பார்த்ததாக ஆகாது, இரண்டு இரவாவது தங்குங்கள். வெளியார் இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரான 'ஆர்.டி.' யிடம் தெரிவிக்க வேண்டும் என்பது இந்தோனேசியாவில் பொது வழக்கம். வீட்டுக்காரரே அதைச் செய்வார், கடவுச்சீட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு, பச்சை மிளகாய் போட்ட 'லொம்போக் இஜோ' குழம்பு, மரவள்ளி மாவில் அவித்த 'தீவுல்' எல்லாம் வரும். தீவுலை முதல் வாய் வைத்தபோது எனக்கு எங்கள் அம்மா அவித்த புட்டு ஞாபகம் வந்தது. சைவர்கள் "டாகிங் வேண்டாம், இக்கான் வேண்டாம்" என்று இறைச்சியையும் மீனையும் தவிர்த்தால் போதாது, "தெராசியும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். தெராசி என்பது இறால் விழுது. பார்த்தால் தெரியாது, சம்பால் என்கிற மிளகாய்த் துவையலில் கலந்திருக்கும். வயதான ஆண்களை 'பாக்' என்றும், பெண்களை 'பூ' என்றும் அழைக்க வேண்டும். இளைஞர்கள் 'மாஸ்', 'ம்பாக்'. பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை ஆகாது.

இனி பணத்துக்கு வருவோம்.

இந்த ஊருக்கு முதலாளி ஊரேதான். வெளியே இருந்து வருகிறவர்கள் இதை முதலில் உணர வேண்டும். வறண்டு கிடந்த குன்றில் மரம் நட்டவர்கள் உள்ளூர் இளைஞர்கள். சுற்றுலாவை நடத்துவதும் அவர்கள் வளர்த்த குழுதான். 2014-இல் வந்த கூட்டம் 3 லட்சத்தைத் தாண்டியது. குப்பை பெருகியது, பாதை தேய்ந்தது. ஊர் கூடிப் பேசி நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினார்கள், வீட்டில் தங்குகிறவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கூட்டம் ஏறக்குறைய பாதியானது, வருமானமோ ஏறியது. 2021-இல் உலகச் சுற்றுலா அமைப்பு முதன்முறையாகத் தேர்ந்தெடுத்த சிறந்த சுற்றுலா கிராமங்களில் இந்த ஊரும் ஒன்று. ஆகவே "உங்கள் ஊருக்கு நான் கூட்டம் கொண்டுவருகிறேன்" என்று யாராவது ஆரம்பித்தால் இவர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குக் கூட்டம் தேவையில்லை.

தலையாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல்முறை நான் வந்தபோது, குளத்துக்குக் கீழே ஒரு சரிவு கண்ணுக்குப் பட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அதைக் குத்தகைக்கு எடுக்கலாமா என்று கேட்டேன். "இங்கெஹ், இங்கெஹ்" என்றார். அது ஜாவா மொழியில் 'ஆமாம்' என்கிற சொல். சம்மதம் கிடைத்துவிட்டதென்று நம்பி இரண்டு மாதம் காகிதங்கள் தயார் செய்தேன். 'நீங்கள் சொல்வது காதில் விழுந்தது' என்பதுதான் அவர் சொன்னதன் பொருள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முகத்துக்கு நேராக மறுப்பது இங்கே பண்பில்லை. ஒருவர் தேதி குறித்தால், தன் ஆளை அனுப்பினால், விலையைத் தானே எடுத்துப் பேசினால், அது சம்மதம். அதுவரை டீ குடித்துக் காத்திருங்கள்.

நிலத்தைப் பற்றிய சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் பின்னால் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தரகர்கள் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், பணம் திரும்பாது. விவசாய நிலத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: வேறு வட்டாரத்தில் குடியிருக்கும் இந்தோனேசியரே அதை வைத்திருக்கக் கூடாது. யோக்யகர்த்தாவில் இதற்கெல்லாம் மேலே சுல்தான் நிலம், கிராம நிலம் என்ற இரண்டு வகை இருக்கின்றன. 2012-ஆம் ஆண்டின் தனிச் சிறப்புச் சட்டம் அரண்மனையின் நில உரிமையை உறுதி செய்திருக்கிறது. ஆளுநரும் சுல்தான்தான். கிராம நிலத்தைப் பயன்படுத்த அவருடைய அனுமதி வேண்டும், அதில் வீடு கட்டி விற்கவே கூடாது. பக்கத்து ஸ்லெமான் மாவட்டத்தில் அப்படி விற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். வாங்கியவர்கள் கையில் வெறும் காகிதம் நின்றது.

நிறுவனம் தொடங்குவதும் சிறிய தொகையில் ஆகாது. அந்நிய முதலீட்டு நிறுவனம் என்றால், நிலம் கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். அதற்குக் கீழான சிறுதொழில்கள் உள்நாட்டவருக்கென்று ஒதுக்கப்பட்டவை. விருந்தினர் வீடு நடத்துவதும் அப்படித்தான். இது நியாயமான சட்டம் என்றே நான் நினைக்கிறேன். தன் வீட்டில் விருந்தாளிகளுக்கு இரண்டு அறை விடும் ஒரு பெரியம்மாவோடு வெளிநாட்டுப் பணம் போட்டி போட வேண்டாம்.

அப்படியானால் வழி என்ன? வாங்குங்கள். நிலத்தைச் சொல்லவில்லை, விளைச்சலை.

இங்கே ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் கோகோ மரம் நிற்கிறது. ஊரிலேயே சாக்லேட் செய்து விற்கும் 'க்ரியா சோக்லாட்' இருக்கிறது. எத்தாவா ஆட்டுப்பாலும் உண்டு. அந்த ஆட்டின் பெயர் நம் உத்தரப் பிரதேசத்து எட்டாவாவிலிருந்து வந்தது. நாம் ஜமுனாபாரி என்கிறோம். கோகோவில் சிக்கல் எங்கே என்றால் நொதிக்க வைப்பதில். பெட்டிக்குள் குறைந்தது 40 கிலோ ஈரக்கொட்டை இருந்தால்தான் சூடு ஏறி நொதிக்கும். ஒரு வீட்டில் ஒரு வாரத்தில் அவ்வளவு காய்க்காது. ஆகவே பலர் நொதிக்க வைக்காமலே காய வைத்து விற்றுவிடுகிறார்கள், விலையும் குறைகிறது. பத்து வீட்டுக் கொட்டையை ஒரே நாளில் சேர்த்து, மரப்பெட்டியில் போட்டு, நடுவில் கிளறிவிட்டு ஐந்து நாள் வைத்து, ஈரம் 7.5 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வைத்தால் அதே கொட்டை வேறு சரக்கு. பெட்டிகள், உலர்த்தும் கூடாரம், ஈரம் அளக்கும் கருவி, முன்பணம்: நீங்கள் போட வேண்டிய முதல் இவ்வளவுதான். பெட்டிகள் அந்த வீட்டுக்காரர்கள் சேர்ந்த குழுவின் பெயரில் இருக்கட்டும். நொதித்ததற்கும் நொதிக்காததற்கும் தனித்தனி விலை சொல்லுங்கள், சொன்ன விலையை எடை போட்ட அன்றே கொடுங்கள். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கியது. ஆகவே ஒரே விலையில் மூன்று வருஷத்துக்கு யாரையும் கட்டிப்போடாதீர்கள். சந்தை விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி எழுதுங்கள். ஏற்றுமதி செய்பவர்கள் கொட்டை மீதான ஏற்றுமதி வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. நான் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்வேன். ஊர்த் தலைவரான லூராவின் அலுவலகத்தில் ஒரு நகல், குழுவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. கையெழுத்துக்கு முந்தைய இரவு, ஊர்க்கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து, குழுவில் ஒருவர் அதை ஜாவா மொழியில் உரக்க வாசிப்பார். பெண்கள் பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்பார்கள், அவர்கள்தான் கொட்டையைக் கிளறிக் காய வைப்பவர்கள். என் முதல் ஒப்பந்தத்தில் எடை போடும் நாளைச் சனிக்கிழமையிலிருந்து வியாழனுக்கு மாற்றச் சொன்னது அப்படிக் கேள்வி கேட்ட ஒரு பெண்தான். சனியும் ஞாயிறும் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள் என்றார். மாற்றி எழுதினோம்.