ஈட்டியிலும் தேக்கிலும் வார்னிஷ் நிலைக்க

ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பலகையில் பூசிய வார்னிஷ் நான்கு நாளாகியும் விரலில் ஒட்டுவதும், தேக்குக் கதவில் பூசியது இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஏடு ஏடாக உரிவதும் மரவேலை செய்பவர்கள் அடிக்கடி காணும் காட்சிகள். பழி பெரும்பாலும் வார்னிஷ் டப்பாவின் மீது விழுகிறது, ஆனால் காரணம் அநேகமாக மரத்துக்குள்தான் இருக்கிறது.

எண்ணெய் வார்னிஷ் தின்னர் ஆவியாவதால் மட்டும் உலர்ந்துவிடுவதில்லை. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. ஈட்டி மரத்திலுள்ள பீனால், குயினோன் வகைப் பொருள்கள் இந்தப் பிணைப்பைத் தடுப்பதால், மேற்புறம் காய்ந்தாலும் மரத்தை ஒட்டிய அடுக்கு பசையாகவே தங்கிவிடுகிறது. தேக்கிலோ எண்ணெய்ப் பசையோடு ரப்பர் போன்ற ஒரு பொருளும் இருப்பதால், பூச்சுக்கு மரத்தில் பிடிப்பு கிடைப்பது கடினம்.

முதலில் மரத்தை 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் இழையோட்டத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். அதற்கு மேல் நைஸாகத் தேய்த்தால் மரம் பளபளக்குமே தவிர பூச்சுக்குப் பிடிப்பு குறையும். தேக்கில் சிலிக்கா என்னும் மணல் போன்ற பொருள் இருப்பதால் இழைப்புளியும் தாளும் விரைவில் மழுங்கும், ஆகவே தாளை மாற்றச் சோம்பல் கூடாது. இரண்டு மரங்களின் தூளும் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும் என்பதால் முகமூடி அவசியம்.

தூளைத் துடைத்த பிறகு, பழைய வெள்ளை வேட்டித் துணியை அசிட்டோனில் நனைத்து மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், அடுப்போ பீடியோ அருகில் இல்லாமல் இதைச் செய்யுங்கள். தேக்கில் துணி மஞ்சள் கலந்த பழுப்பாகவும், ஈட்டியில் கருஞ்சிவப்பாகவும் மாறும். ஈட்டியில் எத்தனை முறை துடைத்தாலும் சாயம் வந்துகொண்டேதான் இருக்கும், எனவே துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க முயல்வது வீண். மேலே உள்ள எண்ணெயை நீக்குவதே இங்கு நோக்கம். அந்த எண்ணெயும் உள்ளிருந்து மெல்ல மேலேறி வந்துவிடும் என்பதால், அசிட்டோன் ஆவியானதும், அதாவது ஒரு மணி நேரத்துக்குள், முதல் பூச்சைப் பூசிவிட வேண்டும். மாலையில் துடைத்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் பூசுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை.

வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு அந்த முதல் பூச்சு மெழுகு நீக்கிய பாலிஷ் அரக்காக, அதாவது செல்லாக்காக, இருப்பது நல்லது. அது உலர ஆக்ஸிஜன் தேவையில்லை, அதைக் கரைத்த ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஆவியானால் போதும். ஆகவே ஈட்டியின் ரசாயனம் அதைத் தடுக்க முடியாது. சாதாரண அரக்குத் தகட்டில் மெழுகு இருக்கும், மேலே பூசும் வார்னிஷ் அந்த மெழுகில் சரியாகப் பிடிக்காது. மெழுகு நீக்கியது கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்கைக் கண்ணாடிச் சீசாவில் கரைத்து, சில நாள் அசைக்காமல் வைத்தால், கலங்கலான மெழுகு அடியில் தங்கும். மேலே நிற்கும் தேன் நிறத் தெளிவை மட்டும் மெல்ல இறுத்துக்கொள்ளலாம். இதை மெல்லியதாக இரண்டு முறை பூசினால் போதும். ஈட்டியில் ஒரே இழுப்பில் பூசிவிட்டு விலக வேண்டும், ஏனெனில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் ஸ்பிரிட் சிவப்புச் சாயத்தைக் கரைத்து, பக்கத்தில் பதித்துள்ள வெளிர்நிற மரத்தின் மேல் இழுத்துவிடும். மழைநாளில் அரக்கு வெள்ளை பூக்கும், அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மறுநாள் 320 எண் தாளால் லேசாகத் தடவி, எண்ணெய் வார்னிஷை மூன்று கோட் கொடுக்கலாம். கடினப்படுத்தி கலக்கும் இரண்டு பாகப் பியூ (பாலியூரித்தேன்) பூச்சைப் பயன்படுத்துவதானால் அரக்கு தேவையில்லை, அதன் சீலரே மரத்தோடு நன்றாகப் பிடிக்கும். கலவை விகிதம் கண்ணளவாக இல்லாமல் டப்பாவில் சொன்னபடி இருக்கட்டும். ஸ்பிரே செய்பவர், கடினப்படுத்தியிலுள்ள நச்சுப் பொருளான ஐசோசயனேட்டைத் தடுக்கும் சுவாசக் கருவி அணிய வேண்டும், துணி முகமூடி அதற்கு ஈடாகாது.

மழை நேரே படும் தேக்குக் கதவுக்கு அரக்கு வேண்டாம். வெயில் தாங்கும் வெளிப்புற வார்னிஷில் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, துடைத்த உடனே ஊறவிட்டு, பிறகு அடுத்த கோட்களைக் கெட்டியாகப் பூச வேண்டும். தோட்டத்து பெஞ்சுக்கு எந்தப் படலமும் வேண்டாம் என்பதே என் கருத்து. தேக்கு நரைத்தாலும் உளுத்துவிடாது. நிறம் வேண்டுவோர் ஆண்டுதோறும் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஆனால் அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

ஏற்கெனவே பூசிய வார்னிஷ் பசையாக நின்றுவிட்டால், மேலே இன்னொரு கோட் பூசுவது அந்தப் பசையை மூடுமே தவிர உலர்த்தாது. முழுவதையும் சுரண்டி எடுத்து, துடைப்பதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.