மலையில் மரவேலை: ஈரத்தை மறந்து செய்யும் தவறுகள்

ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்ளும், மாசியில் அதே கதவோரம் விரல் நுழையும். கோத்தகிரியில் பட்டறை போட்ட புதிதில் யார் வந்து சொன்னாலும் இழைப்புளியோடு ஓடுவேன். மழையிலேயே இழைத்துக் கொடுத்த கதவெல்லாம் வெயில் காலத்தில் தொளதொளத்தது. இப்போதெல்லாம் மழை விட்டு ஒரு மாதமாவது பொறுக்கச் சொல்கிறேன். பாதிக் கதவு தானாகவே சரியாகிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, மேட்டுப்பாளையத்தில் மரம் ஏற்றிவந்து மறுநாளே அறுப்பது. கீழே வறண்ட காற்றில் கிடந்த பலகை மேலே வந்ததும் மூடுபனியைக் குடித்து உப்பும். வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் கிடக்கட்டும். உள்ளூர் சில்வர் ஓக் இதற்கு நேர்மாறு. தேயிலைக்கு நிழலாக நின்ற மரம் பச்சை ஈரத்தோடு வரும், பிறகு சுருங்கும். (சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விசாரிக்காமல் கோடாலியை எடுக்காதீர்கள்.) அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது பழைய கணக்கு. எனக்குத் தராசுதான் நம்பிக்கை. ஒரு பலகையில் தேதியையும் எடையையும் எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மூன்று நான்கு வாரம் எடை இறங்காமல் நின்றால் எடுக்கலாம். அடுக்கும்போது பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் குச்சிகள், ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக. குச்சி விலகினால் பலகை வளையும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்றால் அறுத்த அன்றே இரு முனையிலும் பழைய பெயிண்டையாவது பூசிவிடுங்கள், இல்லையென்றால் முனை பிளந்துவிடும்.

காய்ந்த மரமும் சும்மா இருக்காது. நீளவாக்கில் அசைவது கண்ணுக்கே தெரியாது, எல்லாம் அகலவாக்கில்தான். இரண்டடி அகல மேசைப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே கால் அங்குலம்கூட விரிந்து சுருங்கும். அதைச் சட்டத்தோடு பசை போட்டு ஸ்க்ரூவால் இறுக்கினால் நடுவில் வெடிக்கும். சட்டத்தில் ஸ்க்ரூ துளையை நீள்துளையாக்குங்கள். சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் நிற்கும் கதவுப் பலகைக்கும் பசை வேண்டாம்.

பசை என்றதும் ஒரு மார்கழிக் காலை ஞாபகம் வருகிறது. முந்தின சாயங்காலம் ஒட்டிய நாற்காலி. காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிய வேண்டிய வெள்ளைப் பசை, இணைப்போரம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. கொட்டாப்புளியால் ஒரு தட்டு, கால், துளைக்குள் செருகியிருந்த கழுந்து முனையோடு கையில் வந்துவிட்டது. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே இந்தப் பசை ஒழுங்காகப் படலம் கட்டாது. குளிர் மாதங்களில் மத்தியானம் ஒட்டி, ராத்திரி வீட்டுக்குள் வைத்து, ஒரு முழு நாள் கிளாம்பைத் தொடாமல் விடுங்கள். அதற்காகப் பட்டறையைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டிவிடாதீர்கள். மரத்தூளும் தின்னரும் பற்றிக்கொள்வது ஒருபுறம், மூடிய அறையில் அந்தப் புகையே ஆளைக் கொல்லும்.

பிரெஞ்சு பாலிஷ் (அரக்குப் பாலிஷ்) போடுவதும் வெயில் ஏறிய பிறகுதான். மூடுபனியில் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அப்புறம் உளி. துணிப்பையில் சுற்றி வைத்தால் ஈரம் பிடித்துத் துருவேறும். தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள். குளிர் காலத்தில் அது டப்பாவிலேயே உறைந்து கிடக்கும், உள்ளங்கையில் தேய்த்தால் இளகிவிடும்.