'பர்க்' என்ற வினைச்சொல்: வழுக்கிவிழும் இடங்கள்

பழைய ஆங்கிலச் செய்தி ஒன்றை மொழிபெயர்க்கிறீர்கள். விசாரணையை 'பர்க்' (burke) செய்துவிட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. அகராதியைப் புரட்டினால், மூச்சை அடைத்துக் கொல்லுதல் என்று இருக்கிறது. விசாரணைக்கு ஏது மூச்சு? சிலர் குழம்பிப்போய் 'ஒத்திவைத்தார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் தவறு. ஒத்திவைத்தது என்றாவது திரும்பி வரும், பர்க் செய்தது வராது. 'விசாரணையை அமுக்கிவிட்டார்கள்' என்பதுதான் சரி.

இந்தச் சொல் ஓர் ஆளின் பெயரிலிருந்து பிறந்தது. அந்தப் பெயரைப் பார்த்து, வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு எதிராக நாடாளுமன்றத்தில் முழங்கிய எட்மண்ட் பர்க்கை இழுத்து வராதீர்கள். அவர் 1797லேயே காலமாகிவிட்டார். இது வில்லியம் பர்க். அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கால்வாய் வெட்டும் வேலைக்கு வந்தவர். எடின்பரோவில் வில்லியம் ஹேர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து 1828இல் 16 பேரைக் கொன்று, உடல்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியருக்கு விற்றார்.

இவரைப் பிணத்திருடர் என்று எழுதுவதுதான் அதிகம் கண்ணில் படுகிற பிழை. அந்தக் காலத்தில் கல்லறையைத் தோண்டிப் பிணம் விற்றவர்கள் தனி ரகம். பர்க் தோண்டவே இல்லை. முதலில் விற்ற உடல்கூட, ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு நோயில் இறந்துபோன ஒரு கிழவருடையது. ஏழு பவுண்டு பத்து ஷில்லிங் கிடைத்தது. அப்புறம்தான் கொலை. குடிக்க வைத்து, ஒருவர் மேலே அழுத்திக்கொள்ள, வாயையும் மூக்கையும் பொத்திவிடுவார்கள். உடலில் காயம் தெரியாது, மருத்துவருக்கும் சந்தேகம் வராது. தடயமில்லாமல் மூடி மறைப்பது என்ற பிற்காலப் பொருளுக்கு வேர் இங்கேதான். நம் 'அமுக்கு' தற்செயலாக இரண்டுக்குமே பொருந்துகிறது!

சொல் உருவாக ரொம்ப நாள் ஆகவில்லை. 1829 ஜனவரி 28 அன்று பர்க்கைத் தூக்கிலிட்டபோதே, கயிறு வேண்டாம், அவனை 'பர்க்' செய்யுங்கள் என்று கூட்டம் கத்தியது. ஹேர் அப்ரூவராக மாறித் தப்பிவிட்டார். அவர் பெயரில் வினைச்சொல்லும் இல்லை.

இன்றைய கடிதத்தில் இதைப் போட்டு மேதாவித்தனம் காட்ட வேண்டாம். படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைப்பார். பேச்சில் இன்னும் மோசம்: இதே ஒலியில் 'மடையன்' என்று பொருள்படும் வசைச்சொல் ஒன்று பிரிட்டனில் புழங்குகிறது.