அஞ்சைவிட ஏழு பெரிது என்று நினைத்து மோட்டார் போடாதீர்கள்

போன ஜனவரியில் கோத்தகிரிப் பக்கம், கேரட் எடுத்து முடித்த ஒரு நிலத்தில் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் மாடல் ராக்கெட் விட வந்திருந்தார்கள். அருமையாகச் செய்திருந்தார்கள். துடுப்புகளை உப்புத்தாளால் இழைத்து, மூன்று கோட் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சி6-7.

"ஏன் தம்பி ஏழு?"

"அஞ்சைவிட ஏழு பவர் ஜாஸ்திண்ணா."

ஒன்பது வருஷத்துக்கு முன் இதே மலையில் நானும் அதையேதான் நம்பினேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

துடுப்பைக் கோணலாக ஒட்டுவது, பாராசூட்டைத் திணித்து அடைப்பது, தீப்பிடிக்காத தாளை வைக்க மறப்பது எல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கின்றன. அந்தத் தப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைசி எண்ணைச் சக்தி என்று எண்ணுவது

மோட்டாரின் மேல் அச்சிட்டிருப்பது மூன்று தனித்தனிச் செய்திகள். முதல் எழுத்து, மோட்டார் மொத்தமாகக் கொடுக்கும் உந்துதல் எந்த வகுப்பு என்பது. ஏ என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, பி 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. அடுத்த எண் சராசரி விசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணுக்கும் சக்திக்கும் சம்பந்தமே இல்லை. அது காத்திருக்கும் நேரம். மருந்து எரிந்து முடிந்ததும் உள்ளே புகைக்கிற ஒரு அடுக்கு மெதுவாக எரியும். அத்தனை நொடி கழித்து ஒரு சின்ன வெடிப்பு மேல்பக்கமாகக் கிளம்பி மூக்குக் கூம்பைத் தள்ளிவிட்டு பாராசூட்டை வெளியே எடுக்கும்.

சி6 மோட்டார் எரிவதே இரண்டு நொடிக்குள். மிச்ச உயரம் முழுக்க ராக்கெட் தன் வேகத்தில் மிதந்து ஏறுவது. ஏறி, உச்சியில் நின்று, சாயும் அந்தக் கணத்தில் பாராசூட் வர வேண்டும். அங்கேதான் வேகம் மிகக் குறைவு. எடை குறைந்த, ஒல்லியான ராக்கெட் நல்ல வேகம் பிடித்து ரொம்ப நேரம் மிதக்கும். அதற்கு 7 சரி. எடை கூடினால் வேகமும் குறையும், மிதக்கும் நேரமும் குறையும். அதற்கு 5, இன்னும் கனமென்றால் 3.

என் ராக்கெட், உயரம் அளக்கும் கருவியான ஆல்டிமீட்டரோடு சேர்த்து 110 கிராம். 7 போட்டேன். நேராக ஏறியது, கை தட்டினோம். உச்சியில் தலையைக் கவிழ்த்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்று சொல்லப்போகும்போதுதான் 'பட்' என்றது. பாராசூட் விரிந்தது, ஆனால் அந்த வேகத்தில், கூம்பைக் குழாயோடு கட்டியிருக்கும் ரப்பர் நாடா அட்டைக் குழாயின் வாயை இழுத்து, நூல் போட்டு வாழைத்தண்டை அறுத்த மாதிரி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கூம்பு தனியாகப் பிய்ந்து, ஆல்டிமீட்டரோடு தேயிலைக்குள் போனது.

இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், இடுப்பில் கட்டியிருந்த படங்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "செடிக்குள்ள சொருகியிருந்துச்சு தம்பி, உங்க பொம்மையா?" ராக்கெட்டைவிட அந்தக் கருவிக்குத்தான் அதிகம் செலவு செய்திருந்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் பதிவாகியிருந்தது. உச்சி 152 மீட்டர். அதன் பிறகு ஏறக்குறைய 2.8 நொடி நேர் இறக்கம். வெடித்தபோது ராக்கெட் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் கீழே வந்துகொண்டிருந்தது. 5 போட்டிருந்தால் உச்சியிலிருந்து ஒரு நொடிக்குள் திறந்திருக்கும். உயரம் ஒரு மீட்டர்கூடக் குறைந்திருக்காது.

அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏழு என்கிற எண் எனக்கு எந்த உயரத்தையும் கூட்டித் தரவில்லை. ராக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு மோட்டாருக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிற ஊரில் இதே தப்பை வருஷா வருஷம் யாராவது செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோட்டார், பாராசூட், ஆல்டிமீட்டர், பேட்டரி எல்லாம் உள்ளே வைத்த பிறகு எடை போடுங்கள். காலி ராக்கெட்டை எடை போட்டு ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அந்த எடையை ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், எத்தனை நொடி காத்திருப்பு பொருத்தம் என்று அதுவே காட்டும். பையன்களின் ராக்கெட்டை அங்கேயே தராசில் வைத்தோம், 105 கிராம். என் பெட்டியில் இருந்த சி6-5-ஐக் கொடுத்தேன். உச்சியில் சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே சிவப்புப் பாராசூட் பூத்தது.

ஒரு எழுத்து ஏறினால் உயரம் இரண்டு மடங்கு என்று கணக்குப் போடுவது

ஆகாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதோடு சி மோட்டாரின் விட்டம் 18 மில்லிமீட்டர், வழக்கமான டி-க்கு 24. குழாய் பெரிதாகி எடையும் ஏறும். உயரம் வேண்டுமென்றால் முதலில் துடுப்பின் ஓரத்தை இழையுங்கள், வளையாமல் ஒட்டுங்கள், வேண்டாத கிராமைக் கழியுங்கள். டி-க்கு அதன் பிறகு போகலாம்.

கோவைக் கணக்கை மலையில் போடுவது

கோத்தகிரி, ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் ராக்கெட் கொஞ்சம் அதிகம் ஏறும். லேசான ராக்கெட் என்றால் மிதக்கும் நேரமும் கூடும். அது நல்ல செய்தி. ஆனால் அதே பாராசூட் இங்கே பத்து சதவீதம் போல வேகமாக இறங்கும். துடுப்புகளுக்கும் பிடிக்கக் காற்று குறைவு, அதனால் ஏவுகம்பியை விட்டுக் கிளம்பும்போது நல்ல வேகம் இருந்தாக வேண்டும். மென்பொருளில் ஏவும் இடத்தின் உயரத்தையும் வெப்பநிலையையும் போட மறக்காதீர்கள்.

சரிவில் நின்று கோணம் எடுப்பது

ஆல்டிமீட்டர் இல்லாதவர்கள் நூறு மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்திக் கோணம் பார்ப்பார்கள். 45 டிகிரி என்றால் நூறு மீட்டர், 56 டிகிரி என்றால் 148. சமதளத்தில் இது சரி. இங்கே நூறு மீட்டர் தள்ளி நின்றால் ஆள் பன்னிரண்டு மீட்டர் கீழே தேயிலைக்குள் நிற்பார். அந்தப் பன்னிரண்டும் ராக்கெட் கணக்கில் சேர்ந்துவிடும். ஏவும் இடத்தின் மட்டத்திலேயே, சரிவுக்குக் குறுக்காக ஆளை நிறுத்துங்கள்.

ஆல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அது காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. அந்தக் கணக்கு, 1,800 மீட்டர் உயரத்தில் மூன்று டிகிரி குளிர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். நமக்குக் காலையிலேயே பதினைந்து டிகிரி. அதனால் காட்டுவது உண்மையைவிட நாலைந்து சதவீதம் குறைவாக இருக்கும். என் 152 உண்மையில் 158-ஐ ஒட்டி இருந்திருக்கும்.

மோட்டாரை வீட்டில் செய்வது

வேண்டாம். கை போகும், கண் போகும். உரிமம் இல்லாமல் செய்வது வெடிபொருள் சட்டப்படி குற்றம்.

பனியில் கருகிய புல்லில் ஏவுவது

ஏவாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பொறி போதும், சோலை வரைக்கும் பிடித்துக்கொள்ளும். உழுத வெற்று நிலம், கம்பிக்கு அடியில் தகரம், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர்.

மதியத்துக்கு மேல் ஏவுவது

வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே கிளம்பும். ராக்கெட் காற்றை நோக்கித் தலையைத் திருப்பிக்கொண்டு சாய்ந்து பறக்கும். உயரம் குறையும், இறங்கும்போது பாராசூட் எதிர்ச்சரிவுக்கு இழுத்துப் போகும். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கம் மணிக்கு 20 மைல் காற்றுக்கு மேல் ஏவக்கூடாது என்கிறது. இந்தச் சரிவுகளில் அதில் பாதிக்கே நான் பெட்டியை மூடிவிடுவேன். மூடுபனி விலகிய பிறகு, ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை. நிலத்துக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அப்படியே பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களிடமும்.