பாய்லரின் அழுத்தத் தணிப்புக் குழாயை வெளிச்சுவரில் அமைக்கும் முறை

பிரிட்டன் வீடுகளிலுள்ள காம்பி பாய்லர் (வீட்டைச் சூடாக்குவதோடு குழாய்க்கு வெந்நீரும் தரும் எரிவாயுக் கொதிகலன்), குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் இருக்கும். சூடாகி விரியும் நீருக்கு இடம்தரும் விரிவுக் கலன் பழுதாகி அழுத்தம் 3 பாரை எட்டினால், பாதுகாப்பு வால்வு திறந்து, தோலைப் பொசுக்கும் சூட்டில் நீரையோ ஆவியையோ வெளியே தள்ளும். ஆகவே அதன் வெளியேற்றக் குழாய் செம்பாலானதாக, வழக்கமான 15 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. சாதாரணப் பிளாஸ்டிக் கழிவுக் குழாய் அந்தச் சூட்டைத் தாங்காது. குழாய் தொடக்கம் முதல் முடிவுவரை சரிந்தே செல்ல வேண்டும், ஏனெனில் இடையில் தேங்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து வழியை அடைத்துவிடும்.

பலரும் தவறுவது வெளிமுனையில்தான். சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் முனை, அவ்வழியே நடக்கும் குழந்தையின் முகத்துக்கு நேராக அமையக்கூடும். அதைக் கீழ்நோக்கி இறக்கி, தரைக்குச் சற்று மேலே, சுவரைப் பார்க்குமாறு திருப்பி வளைத்தால், பீறிடும் நீர் சுவரில் மோதி வேகம் தணிந்து வழியும். கசிவும் கண்ணுக்குத் தெரியும். வாசல், நடைபாதை, மின்சாதனங்கள் ஆகியவற்றுக்கு மேலே முனையை விடலாகாது. சொட்டுகிறதே என்று முனையை அடைப்பது பேராபத்து. கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயுப் பொறியாளர் பதிவேடு) பதிவுபெற்ற பொறியாளரை அழைப்பதே முறை.