மாத்திரையைச் சொன்னபடி, விடாமல் சாப்பிடுவது எப்படி?

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஞாபகத்தை நம்புவதுதான் சிக்கலே. வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஒருநாள் உட்கார்ந்து ஏற்பாட்டைச் செய்துவிட்டால், தினமும் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

படி 1: எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள்

மருந்துச்சீட்டு, மாத்திரை அட்டைகள், சிரப், நீங்களாக வாங்கிய சத்து மாத்திரை உட்பட எல்லாம் வரட்டும். அட்டையில் உள்ள மில்லிகிராமும் சீட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். இரண்டு அட்டைகளில் அது ஒன்றாகவே இருந்தால், இரண்டையும் போடும் முன் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

படி 2: சீட்டைச் சரியாகப் படியுங்கள்

1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது எளிது. கோட்டை விடுவது ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘பின்’ என்பதில்தான். தைராய்டுக்கான தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதை உடம்பில் சேரவிடாது. 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுகருக்கான மெட்ஃபார்மின் நேர்மாறு: சாப்பாட்டோடு எடுத்தால்தான் வயிற்றுத் தொல்லை குறையும்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் மருந்து மெதுவாகக் கரையும் வகை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். சிரப்புக்குச் சமையலறைக் கரண்டி வேண்டாம், கூடவே வரும் அளவு மூடிதான் சரி.

படி 3: நேரத்தைப் பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள்

பல் துலக்குவது மாதிரி, எப்படியும் செய்யும் வேலையோடு சேர்த்துவிடுங்கள். அலாரமும் வைக்கலாம். ஆனால் அதை அணைத்துவிட்டு ‘அப்புறம் போடலாம்’ என்றால் போச்சு. என்னைக் கேட்டால் ஏழு அறை மாத்திரை டப்பாதான் சிறந்தது. ‘போட்டோமா, போடலையா?’ என்ற சந்தேகத்துக்குக் காலி அறையே பதில் சொல்லிவிடும். (சில மாத்திரைகள் அட்டையை விட்டு வெளியே எடுத்தால் ஈரம் பட்டுக் கெடும்; கேட்டுவிட்டு நிரப்புங்கள்.) குளியலறையிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

படி 4: ஒரு வேளை தவறிவிட்டதா?

பெரும்பாலான மருந்துகளுக்கு, ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, வலிப்பு மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்கு விதி வேறு. தவறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

படி 5: நீங்களாக நிறுத்தாதீர்கள்

பிரஷர் ‘நார்மல்’ என்று வந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறையப் பேர். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்! மெட்டோப்ரோலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலிகூட வரலாம். பல நாள் எடுத்த ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பக்க விளைவு தொல்லை தந்தால் சொல்லுங்கள், மாற்று இருக்கும். உதாரணமாக, பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். டாக்டர் வேறு வகைக்கு மாற்றிவிடுவார்.

படி 6: தீரும் முன் வாங்குங்கள், உள்ளதைச் சொல்லுங்கள்

ஒரு வாரத்துக்கான மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது எத்தனை வேளை தவறியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டிவிடக்கூடும். அதை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் பிரஷரோ சுகரோ அளவுக்கு மீறி இறங்கிவிடும்.